மூத்தம்மாவுக்கு அளவு ரவிக்கை இல்லை

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பட்டு நெய்வார்கள், யாரும் வெட்டமாட்டார்கள். தறியிலிருந்து புடவையை அறுத்தெடுக்கவே நல்ல நேரம் பார்க்கும் வீட்டில், மருமகளாக வந்த நான் பழம்பட்டுப் புடவைகளைக் கூடத்தில் விரித்துக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். சென்னையில் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவள் என்பதால் வெளிப்படையாகக் குறை சொல்ல எவரும் துணியவில்லை. மறைவில் சொன்னார்கள். என் மாமியார் ஒருவர்தான் முகத்துக்கு நேரே கேட்டார்.

"நெய்யறவன் வூட்ல பொறந்தவளா நீ? வாழைக்காய் நறுக்கற மாதிரி நறுக்கறியேம்மா!"

பதில் சொல்லி மதிப்பை இழப்பதைவிட, தைத்த ரவிக்கையைக் காட்டி வாயை அடைப்பது என் வழக்கம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வழக்கிலிருந்த ரவிக்கைப் பாணிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன: தோளில் கொப்பளித்து நிற்கும் பப் கை, முழங்கை வரை இறங்கி அங்கே கரையோடு முடியும் கை, கழுத்தை ஒட்டி எழும் பட்டை. சென்னையின் பெரிய வீட்டுப் பெண்கள் அவற்றைக் கேட்டுக் காரில் வந்தார்கள். புதுப்பட்டில் அந்தப் பாணியைத் தைத்தால் நாடக உடை போல விறைத்து நிற்கும். பழம்பட்டோ, உடம்பை முன்பே அறிந்ததுபோல் படியும். ஆகவே எனக்குப் பழம்பட்டு வேண்டியிருந்தது. தெருவில் பழஞ்சரிகை வாங்க வரும் வியாபாரியை நிறுத்தி, அவர் மூட்டையிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்வேன். நான் எடுக்காதவற்றை அவர் எரித்துச் சரிகையிலிருந்து வெள்ளியைப் பிரிப்பார். பட்டு எரியும் வாடை தலைமுடி எரியும் வாடையேதான். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாளில் என் மாமியார் சாப்பிடமாட்டார்.

வெட்டும் முன் ஒவ்வொரு துணியையும் நான் படிப்பேன். இது என் முறை. உடுத்தியவளின் தோள் பட்ட இடம் கறுத்திருக்கும். இடுப்பில் செருகிய இடம் நைந்திருக்கும். எல்லாவற்றையும்விட, பட்டில் ஊசி போன துளை மூடாது. எத்தனை முறை அலசினாலும், எத்தனை காலம் பெட்டியில் கிடந்தாலும், தையலைப் பிரித்த வரிசை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். கல்லூரி நாளில் இலைநரம்பு பார்க்க வாங்கிய பூதக்கண்ணாடி இதற்குப் பயன்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், தறிகள் சாப்பாட்டுக்காக ஓய்ந்திருந்த வேளையில், மாகறலிலிருந்து ஒரு குடியானவ வீட்டு அம்மாள் தன் மகளோடு வந்தார். கணவர் ஊரில் அரசியல் பேசுகிறவர் என்பது அவருடைய கட்சிக்கரைப் புடவையிலும் அதிகாரம் பழகிய குரலிலும் தெரிந்தது. ஆனால் அன்று அந்தக் குரல் தாழ்ந்திருந்தது.

"பழைய மாடலு சட்டை தைக்கிறது நீங்கதானம்மா? எங்க மூத்தம்மாவுக்கு ஒண்ணு தைக்கணும்."

"அவங்களை அழைத்து வாங்க. அளவெடுக்கணும்" என்றேன்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் சொன்னாள்.

"அவங்க செத்துட்டாங்கம்மா. எங்க தாத்தாவுக்கு மொத சம்சாரம்."

வீட்டில் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வைத்து வணங்குவது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வழக்கம். கலியாணத்துக்கு முன் ஏரியிலிருந்து பூங்கரகத்தில் அவளை அழைத்து வந்து, புடவையும் ரவிக்கையும் வைத்து உத்தரவு கேட்பார்கள். அவள் ஏற்றுக்கொண்டால்தான் தாலி. இந்தக் குடும்பத்துப் பூவாடைக்காரி, பெண்ணின் தாத்தாவுக்கு வாய்த்த மூத்த தாரம். இந்த அம்மாளின் மாமியார் இளைய தாரம். அவரும் போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன; தாத்தா மட்டும் இருந்தார்.

"கரகம் தூக்கறது நான்தாம்மா" என்றார் அந்த அம்மாள். "மொத தபா இவளுக்கு நிச்சயம் ஆயி அழைச்சோம். வெச்ச துணிய நான் தூக்கி எறிஞ்சிட்டேனாம். 'என்னுது இல்ல, என்னுது இல்ல'ன்னு சொன்னேனாம். எனக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த சம்பந்தம் நின்னுபோச்சு. அப்பறம் இன்னொண்ணு வந்துது. அதுக்கும் அதே கதைதான். இப்ப திருப்புட்குழியில இருந்து வந்துக்கினு இருக்காங்க. இதுவும் போச்சுன்னா இவ வூட்டோடதான்."

"ராத்திரி பூரா சாமியாடறது இவங்க, பழி மட்டும் எம்மேல" என்று முணுமுணுத்தாள் மகள். இருபது வயதிருக்கும், நெடிய பின்னல், கூரிய நாக்கு. அதைச் சொன்னபோதும் அவள் விரல்கள் தாவணி முனையை முறுக்கிக்கொண்டிருந்தன.

கதவருகே நின்ற என் மாமியார் குறுக்கிட்டார். "மூத்தாளுக்குத் தைக்க எந்த அளவும்மா குடுத்தீங்க?"

"எங்க மாமியாரு ரவிக்கைதான். அவங்களுதுதான் இருந்துது."

"மூத்தாளுக்கு இளையாளோட அளவா!" என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நானா இருந்தாக்கூட எறிஞ்சிருப்பேன்!"

அந்த அம்மாளும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து என் முன் வைத்தார். "பூவாடைப் பெட்டிக்கு அடியில இருந்துது. மூத்தம்மாவோட கூரைப்பொடவைன்னு எங்க மாமியாரு சொல்லிட்டுப் போனாங்க. இதுலயே அந்தக் காலத்து மாடலா தச்சிக் குடுங்கம்மா. அவங்க துணின்னா அவங்க வேணாங்கமாட்டாங்க."

பேய், பிசாசு, ஆவேசம் எதையும் நம்பாதவள் நான். ஆனால் பழைய பாணியில் தைப்பதில் இந்த ஊரில் எனக்கு நிகர் இல்லை என்பதை நம்பினேன். இறந்தவர்களுக்குத் தைக்கிறவள் என்ற பெயர் மட்டும் எனக்கு வரக்கூடாது. விஷயம் வெளியே போகக்கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

அவர்கள் போனதும் பொட்டலத்தைப் பிரித்தேன். மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. சரிகை கறுத்திருந்தாலும் நல்ல கை நெய்தது. விரித்ததும் முதல் சந்தேகம் எழுந்தது. இது புடவை இல்லை. முந்தியும் இல்லை, நீளமும் போதாது. ஒரு விளிம்பு நெடுகச் சுருக்கம் பிடித்த தடம் இருந்தது. இடுப்புப் பட்டையிலிருந்து பிரித்த பாவாடை அது. சுருக்கத் தடத்தைக் கூட்டிப் பிடித்து இடுப்பளவு பார்த்தேன். மீண்டும் பார்த்தேன். என் இரு கைகளின் விரல்களும் வளைத்து ஒன்றையொன்று தொட்டுவிடும் இடுப்பு.

கீழே, கரைக்குச் சற்று மேலே, இரண்டு ஊசித்துளை வரிசைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. வளரும் பெண்களின் பாவாடையில் ஒரு மடிப்பை உள்ளே மடித்துத் தைத்து வைப்போம். உயரம் கூடும்போது பிரித்துவிட்டுப் பாவாடையை நீளமாக்குவோம். டக்கு என்று சொல்வது அதைத்தான். அந்த வரிசைகளுக்கு இடையிலிருந்த பட்டை மட்டும் மாம்பழத்தின் உள்சதை போல் நிறம் மங்காமல் இருந்தது. நெடுங்காலம் டக்குக்குள் மறைந்திருந்த இடம். பிரித்த பிறகு வெயில் பார்த்ததாகத் தெரியவில்லை. டக்கைப் பிரித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்தப் பாவாடை உடுத்துவதற்கு ஆளில்லாமல் போயிருக்கிறது.

முன்பக்கத்தில் கரை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. மேலிருந்து கீழாக இழுபட்ட கிழிசல். விளிம்பைக் காலால் மிதித்தால் அப்படித்தான் கிழியும்.

கிழிசலின் மடிப்பில் ஏதோ கருமையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசிமுனையால் எடுத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். மண் என்று நினைத்தேன். நீர் பட்டதும் அது நார் நாராகப் பிரிந்தது. தாவரவியல் படித்தவளுக்கு அதன் பெயர் சொல்ல மேல்படிப்பு தேவையில்லை. பாசி. கிணற்றுப் படியிலும் ஏரிக்கரைக் கல்லிலும் படரும் சாதாரணப் பாசி.

தறிக்கூடத்தில் இன்னும் ஓசை தொடங்கவில்லை. கூடம் முழுதும் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படியிருந்தும் அந்தத் துணியை விரித்த மேசைக்கு முதுகு காட்டி எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கமாகவே நடந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். நீர் ஏரிச்சேற்று மணத்தோடு இறங்கியது. துணி முழுதும் உலர்ந்த பிறகும் அந்த மங்காத பட்டை மட்டும் தொட்டால் குளிர்ந்தே இருந்தது. மேசைமேல் பரப்பிக் கனம் வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் பழைய டக்கு இருந்த இடத்தில் துணி தானாக மடிந்திருக்கும். பழைய மடிப்பைப் பட்டு மறக்காது என்று என் மாமியாரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் கனத்துக்கு வைத்த இஸ்திரிப் பெட்டி எப்படித் தள்ளியிருந்தது என்று அவர் கேட்டபோது, பூனை என்றேன். எங்கள் வீட்டில் பூனை வளர்ப்பதில்லை. அவர் அன்றிலிருந்து கூடத்தில் படுப்பதை நிறுத்திவிட்டார்.

தாயும் மகளும் மீண்டும் வந்தபோது அளவைப் பற்றி மட்டும் சொன்னேன். கிழிசலையும் பாசியையும் பற்றிச் சொல்லவில்லை.

"எங்க மூத்தம்மாவா? சின்னப் புள்ளையா?" அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னாம்மா சொல்றீங்க! நான் தீர்க்க சுமங்கலியா இருக்கணும்னு அவங்க மஞ்சளத்தான் பூசிக்கிறேன். ஆத்தா, தாயேன்னு கும்புடறோம்."

"எட்டு ஒன்பது வயதுக்கு மேல் இருக்காது. துணி சொல்கிறது."

"வேணாம்மா. பெரிசாவே தச்சிடுங்க. சபையில பாவாட சட்டைய வெச்சா சிரிப்பாங்க. அவங்களும் கோச்சிக்கினா அப்பறம் என் பொண்ணு கதி?"

"துணி சொல்கிற அளவைத்தான் நான் தைப்பேன். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். பிடிவாதமாகத்தான் சொன்னேன். பெண்ணின் கலியாணம் அவர்களுக்கு எவ்வளவு பெரிதோ, என் கண்ணின் கணக்கு எனக்கு அவ்வளவு பெரிது. பொய்யென்று ஆனால் காஞ்சிபுரத்தில் நான் தலைகாட்ட முடியாது.

"மாமனாரைக் கேளுங்களேன்" என்றார் என் மாமியார்.

"அவரு பேசறதே இல்லம்மா. பேத்தி பேரக்கூட சொல்லமாட்டாரு. மூத்தம்மா பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவாரு."

மகள் அதுவரை பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மா, பெரிய சட்டை ரெண்டு தபா தச்சாச்சு. ரெண்டையும் நீதான் தூக்கிப் போட்ட. இன்னும் எத்தினி பெருசா தைப்ப, பந்தல் துணி அளவுக்கா?" என்றாள். பிறகு என்னிடம், குரல் மாறி, "சின்னதாவே தைங்கம்மா" என்றாள்.

இயந்திரத்தில் வைத்தால் பழம்பட்டு பிளந்துவிடும். எல்லாம் கைத்தையல். உள்ளே மல் துணி கொடுத்து, கிழிசலை மறைத்து, பாவாடையை மீண்டும் சுருக்கினேன். அகலத்தில் மிஞ்சிய துணியில் சட்டை. அந்தக் காலத்துச் சிறுமிகளின் பாணி: கழுத்தில் சிறு பட்டை, முழங்கை வரை கை, தோளில் சிறிய கொப்பளம், முதுகில் முடிச்சு. நீளத்தைப் பொறுத்தவரை, அவள் கடைசியாக உடுத்தியது டக்கு பிரித்த நீளம்தானே என்று அப்படியே விட்டேன்.

சபையில் வைக்கும்போது நான் அருகில் இருக்க வேண்டும் என்று பெண் கேட்டுக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் மாகறலில் அவர்கள் வீட்டு முற்றத்தில் இருந்தேன். படித்தவள் என்று நாற்காலி போட்டார்கள். திருப்புட்குழிச் சம்பந்தி வீட்டார் பாயில் அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இந்தத் தபாவாவது உங்க மூத்தம்மா சட்டைய வாங்கிப்பாங்களா, இல்ல நாங்க பஸ்ஸப் புடிக்கட்டுமா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். பெண் தூணருகே நின்று தலைகுனிந்தாள்.

ஏரியிலிருந்து பம்பை முழங்கக் கரகம் வந்தது. அந்த அம்மாள் தலையில் தூக்கி வந்தார். ஈரப்புடவை, விரித்த கூந்தல். கண்கள் திறந்திருந்தும் எங்களில் எவரையும் பார்க்கவில்லை. கரகத்தை இறக்கி வைத்துத் துணிகளின் முன் உட்கார்ந்தார். பாவாடை சட்டையைக் கண்டதும் கூட்டத்தில் சலசலப்பு. "இன்னா இது, கொழந்த துணி?" என்றது ஒரு குரல். பம்பை நின்றது.

அந்த அம்மாள் எறியவில்லை. சட்டையை எடுத்து மார்போடு வைத்துப் பார்த்தார். ஐம்பது வயதை நெருங்கிய, கனத்த உடம்புள்ள அந்தப் பெண்மணி, கண்ணாடி முன் நிற்கும் சிறுமியைப் போலத் தோளைக் குறுக்கி, முகவாயைத் தாழ்த்திப் பார்த்தார். பிறகு பாவாடையை எடுத்தார். இடுப்பில் வைத்தார். அது தரையைத் தொடவே இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. ஆனாலும் அவர் குனிந்து, தரையில் புரளும் ஏதோ ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்து, காலைத் தயங்கித் தயங்கி எடுத்து வைத்தார். முகத்தில் அச்சம். ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

சம்பந்தி வீட்டார் எழுந்து துண்டை உதறினார்கள்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த, யாருக்கும் பழக்கமில்லாத குரல். சுவரோரம் கட்டிலில் கிடந்த கிழவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நீளமா இருக்குது" என்றார். "டக்கு வெக்கச் சொல்லு. தடுக்கி வுழுவா."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கரகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பெரிய பொம்பளயா தெரியணும்னு பிரிச்சி வுட்டாங்க. கல்யாணமாயி மொதமொதலா ஏரிக்குப் போனோம். படியில மிதிச்சிக்கினா." எட்டிப் பிடிப்பதுபோல் அவர் கை கரகத்தை நோக்கி நீண்டது. "நானும் சின்னப் பையன்தான். கூப்புட்டேன், கூப்புட்டேன்."

நாற்காலியிலிருந்து எழுந்தேன். எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. என் தாலிச் சரட்டு ஊக்கில் எப்போதும் ஓர் ஊசியும் சிறிது நூலும் கோத்திருப்பேன். ஊர் முழுதும் பார்த்திருக்க, கரகத்தின் முன் தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் பிடியிலிருந்த பாவாடையின் விளிம்பை எடுத்து, மங்காத பட்டையை உள்ளே மடித்தேன். புதுத் துளை எதுவும் போடவில்லை. ஊசி பழைய துளைகளிலேயே ஒவ்வொன்றாக இறங்கிற்று; நான் தேடவேண்டியிருக்கவில்லை. என் உச்சந்தலைக்கு மேலே, மிக அருகில், யாரோ வாயைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு விழுந்துகொண்டிருந்தது. அது கரகம் தூக்கியவருடைய மூச்சுதான். சிறுபிள்ளைகளின் மூச்சில் வீசும் பால்மணம் அதில் எப்படி வந்தது என்பதை நான் ஆராயவில்லை.

முடிச்சிட்டுப் பல்லால் நூலை அறுத்தேன். அந்த அம்மாள் பாவாடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தரம் தடவிப் பார்த்து, "என்னுது" என்றார்.

பம்பை மீண்டும் முழங்கிற்று. தாய்மாமன் மடித்த வெற்றிலையை வாயில் போட மறந்து நின்றார். அந்தத் தை மாதத்தில் கலியாணம் நடந்தது. நான் போய் வாழ்த்திவிட்டு வந்தேன். பெண் என்னை ஓரமாக அழைத்துப் போய், "எங்கம்மா இப்ப மூத்தம்மாவ ஆத்தான்னு கும்புடறதில்லம்மா, கண்ணுன்றாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தார். கிழவர் இடையில் காலமாகியிருந்தார். இப்போது மகனுக்குக் கலியாணம். பூவாடைப் பெட்டியையே கொண்டுவந்திருந்தார். அன்று பூட்டியதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை, சாவி தன் இடுப்பிலேயே இருந்தது என்று, நான் கேட்பதற்கு முன்பே இரண்டு முறை சொன்னார்.

"நீங்களே பாருங்கம்மா. நான் தொடல."

பாவாடையை எடுத்து விரித்தேன். டக்கு இல்லை. நான் தைத்த நூல் அறுக்கப்படவில்லை. தையல் அறிந்தவர் பிரிப்பதுபோல் உட்புறத்திலிருந்து பதமாக உருவப்பட்டிருந்தது. பெட்டியின் மூலையில் அதே நூல் சிறு வளையமாகச் சுற்றிக் கிடந்தது. குழந்தைகள் விளையாட்டாக விரலில் சுற்றிக் கழற்றுவார்களே, அப்படி. என் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தேன். முதல் கணுவைத் தாண்டவில்லை.

கிழவர் செய்திருக்கலாம். அவர் கைகள் கடைசி நாட்களில் சோற்றைக்கூட எடுக்கமுடியாமல் நடுங்கின என்று அந்த அம்மாள் சொன்னதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். விளக்கம் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. அளவெடுப்பதுதான் என் வேலை.

"இந்தத் தபா எந்த அளவும்மா?" என்று மெல்லக் கேட்டார் அவர். "போன தபா அளவேதானா?"

பழைய பாவாடையை மேசைமேல் விரித்து அளவு நாடாவை வைத்தேன். வியாபாரியிடமிருந்து எடுத்து வைத்திருந்த வேறொரு மாம்பழப் பட்டில், நீளத்திலும் தோளிலும் சற்றுக் கூட்டிக் கோடு போட்டேன். ஏன் கூட்டுகிறாய் என்று மாமியார் கேட்டார். பட்டு சுருங்கும் என்றேன். பல காலம் தோய்ந்த பழம்பட்டு இனிச் சுருங்காது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் மாமியாரே கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.